பிள்ளைகள் விருந்தினரா, வீட்டாரா?

வாசகர் கேள்வி – பதில்

புலம்பெயர்ந்த நாடுகளில் இயங்கும் தமிழ்த் திருச்சபைகளில் பெற்றோர் தலைமுறைக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் தலைமுறைக்கும் இடையே விரிந்துவரும் இடைவெளியைப் பற்றி ஐந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இம்மாதப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1990களின் தொடக்கத்தில் ஒரு பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் சபையைத் தொடங்கினோம். இன்று சொந்தக் கட்டடம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றபின் ஆராதனைக்குத் திரும்புவதில்லை. ஆங்கில ஆராதனை தொடங்கலாம் என்று சிலரும், தொடங்கினால் பத்து ஆண்டுகளில் தமிழ் ஆராதனையே நின்றுவிடும் என்று சிலரும் வாதிடுகிறோம். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— சபை மூப்பர் ஒருவர், ஸ்காபரோ, கனடா

பதில்: ஐயா, உங்கள் சபையில் இன்று நடக்கும் வாதம் 18ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கின் டச்சுச் சீர்திருத்தச் சபையிலும் நடந்தது. டச்சுக்காரர் நிறுவிய அந்த ஊரை 1664இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஆட்சியும் நீதிமன்றமும் கடைவீதியும் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறின. பிரசங்க மேடை மட்டும் மாறவில்லை. டச்சுப் பிரசங்கம் விளங்காத பேரப்பிள்ளைகள் ஆங்கிலிக்கன் சபைக்கும் பிரஸ்பிட்டேரியன் சபைக்கும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகே, 1764இல், ஆர்ச்சிபால்ட் லெய்ட்லி என்னும் ஸ்காட்லாந்துப் போதகரை வரவழைத்து ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். அந்த முடிவுக்கு வர நூறு ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையில் போனவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்; அவர்கள் வேறு சபையின் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ் நின்றுவிடும் என்று அஞ்சுபவர்களையும் நான் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் குடியேறிய சுவீடன் நாட்டு லுத்தரன்கள் 1860இல் அகஸ்தானா சினட் என்ற பெயரில் ஒரு திருச்சபை அமைப்பை நிறுவினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஒரு தலைமுறைக்குள் அவர்களுடைய ஆராதனை பெரும்பாலும் ஆங்கிலமாயிற்று. 1962இல் அந்த அமைப்பே வேறு லுத்தரன் அமைப்புகளோடு இணைந்து ஒரு பெரிய அமெரிக்கத் திருச்சபைக்குள் கலந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே சுவீடனிலிருந்து ஆட்கள் பெருந்திரளாக வருவது நின்றிருந்தது. உங்கள் ஊருக்கோ யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மாணவர்களும் பணியாளர்களும் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார்கள். தமிழ் ஆராதனை அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. தமிழா, பிள்ளைகளா என்று இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய நிலை உங்களுக்கு இல்லை.

ஆகவே ஆங்கில ஆராதனையைத் தொடங்குங்கள். ஆனால் தொடங்கிவிட்ட மாத்திரத்தில் பிள்ளைகள் தங்கிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். அப்படி எண்ணியவர்களுக்கு நேர்ந்ததை அடுத்த பதிலில் எழுதுகிறேன்.

கேள்வி: லண்டனில் பிறந்தவள் நான், வயது 27. எங்கள் சபையில் மாதம் இருமுறை கீழ்த்தளத்து அறையில் ஆங்கில ஆராதனை நடக்கும். பாடவும், திரையில் பாடல் வரிகளைக் காட்டவும், ஞாயிறு பள்ளியில் கற்பிக்கவும் எங்களை அழைப்பார்கள். சபைக் குழுவில் எங்களில் ஒருவர்கூட இல்லை. ஆறு மாதங்களாக வேறொரு ஆங்கிலச் சபைக்குப் போகிறேன். அம்மா அழுகிறார். நான் செய்தது தவறா?
— வாசகி, லண்டன்

பதில்: உங்களை ‘மகளே’ என்று அழைக்கவே முதலில் கை வந்தது. கடிதத்தை மறுபடி வாசித்துவிட்டு, ‘சகோதரி’ என்று திருத்திக்கொண்டேன்.

சகோதரி, உங்களைப் போலவே வெளியேறியவர்கள் பல்லாயிரம் பேர் அமெரிக்கக் கொரியர்களிடையே உண்டு. கொரியரின் குடியேற்றமே திருச்சபையோடுதான் தொடங்கியது. 1903 ஜனவரி 13 அன்று கேலிக் என்ற கப்பலில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் வந்திறங்கிய முதல் கொரியக் குழுவில், இஞ்சோன் துறைமுகத்தின் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர்கள் அங்கே சபை கூடிவிட்டார்கள். 1965இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் கொரியர் பெருந்தொகையாக வந்தபோது, வேலை தேடுவதும் வீடு பிடிப்பதும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும் சபையின் வழியாகவே நடந்தன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கக் கொரியரில் அப்போது 10 பேருக்கு 7 பேர் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். தாய்நாட்டில் இந்த விகிதம் 10 பேருக்கு 3 பேர் என்ற அளவே இருந்தது.

இவ்வளவு வலுவான சபைகளிலிருந்தும் பிள்ளைகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். 1996இல் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவ இதழ் இதற்கு ‘மௌன வெளியேற்றம்’ என்று பெயரிட்டு எழுதிய பிறகு, அந்தச் சொல்லே அமெரிக்காவிலுள்ள கிழக்காசியச் சபைகளின் பேச்சில் நிலைத்துவிட்டது. அந்தச் சபைகள் பலவற்றில் அப்போதே ஆங்கில ஆராதனை இருந்தது. ஆங்கிலப் போதகரும் இருந்தார். ஆனால் அவர் கொரிய மொழித் தலைமைப் போதகருக்குக் கீழே இளைஞர் ஊழியராகவே வைக்கப்பட்டிருந்தார். வரவு செலவையும் கட்டடத்தையும் பற்றிய முடிவுகள் கொரிய மொழியில் நடக்கும் மூப்பர் கூட்டத்திலேயே எடுக்கப்பட்டன. முப்பத்தைந்து வயதில் இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான ஒருவரும் சபைக்குள் நுழைந்தால் ‘பிள்ளை’ ஆகிவிடுவார். மொழியைக் கொடுத்தார்கள், சாவியைக் கொடுக்கவில்லை. உங்கள் கீழ்த்தளத்து அறைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் ஏன் சாவியை விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த நாட்டில் ஆசிரியராகவும் பொறியாளராகவும் இருந்து, வந்த நாட்டில் மளிகைக் கடையிலும் சலவைக் கடையிலும் பதினான்கு மணி நேரம் நின்ற கொரியரை மரியாதையோடு விளித்த ஒரே இடம் சபை. வாரம் முழுவதும் பெயரற்றவராக இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை மூப்பரானார். நம்மவரிலும் வங்கி மேலாளராக இருந்துவிட்டு வந்து தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர்கள் இல்லையா? அவர்கள் பொருளாளர் பதவியை இறுகப் பற்றிக்கொள்வதைப் பேராசை என்று மட்டும் நான் பார்ப்பதில்லை.

இருப்பினும் வேதம் காட்டும் வழி வேறு. எருசலேமின் முதல் சபையிலேயே இரண்டு மொழிக்காரருக்கிடையே பிணக்கு எழுந்தது. கிரேக்கம் பேசியவர்கள், தங்கள் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையிட்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் அந்தப் பொறுப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் கையிலேயே பந்தி விசாரணையை ஒப்படைத்துவிட்டார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

நான் ஒரு சபையில் செயலாளராக இருந்த காலத்தில், ஆண்டுக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து கட்டட நிதிக் கணக்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். ‘தமிழில் கேளுங்கள் தம்பி’ என்றேன். அவர் இரண்டு சொற்களைத் தேடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவரை நான் சபையில் பார்க்கவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது. பதில் என் கையிலேயே இருந்தது. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே நீங்கள் செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஏன் போனீர்கள் என்பதைச் சபைக் குழுவுக்கு ஒரு கடிதமாக எழுதி, உங்கள் பெயரோடு அனுப்புங்கள். யாரும் சொல்லாமல் போவதால்தான், பிள்ளைகளுக்குக் கடவுள் பயம் போய்விட்டது என்று பெரியவர்கள் எளிதாக முடிவு செய்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் பேரன் வீட்டில் எங்களோடு நல்லாகத் தமிழ் கதைப்பான். ஆனால் கோயிலில் வேதம் வாசிக்கும்போது ஒன்றும் விளங்கவில்லை என்கிறான். தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் விளங்காமல் போவது எப்படி?
— அம்மம்மா ஒருவர், ஒஸ்லோ, நோர்வே

பதில்: அம்மா, உங்கள் கேள்வி பல சபைகள் கவனிக்கத் தவறிய இடத்தைத் தொட்டிருக்கிறது. உங்கள் பேரனுக்குத் தெரிந்தது உங்கள் வாயிலிருந்து அவர் கேட்ட தமிழ். சபையில் ஒலிப்பது எழுத்துத் தமிழ். அதிலும் 19ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்க்கப்பட்ட வேதாகமத்தின் தமிழ். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வளரும் பிள்ளை பள்ளிக்கூடப் பாடநூல் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிவிடுகிறது. ஒஸ்லோவில் அந்தப் படிக்கட்டு இல்லை.

23ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.’ ‘தாழ்ச்சி’ என்றால் குறைவு என்பது உங்களுக்கும் எனக்கும் வழக்கத்தால் தெரியும்; அந்தப் பிள்ளைக்கு அது ‘தாழ்வு’ என்றே கேட்கும். ‘அடையேன்’ என்ற எதிர்மறை வடிவம் வீட்டுப் பேச்சில் வருவதே இல்லை. ‘அடைய மாட்டன்’ என்பதையே அவர் கேட்டிருப்பார். ஒரே வரியில் இரண்டு இடங்களில் வழி அடைபட்டுவிடுகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அதே வரி, ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்று இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் ஓசையோடு ஜெபித்து வளர்ந்தவன் நான். மரணப் படுக்கையில் எனக்கு அந்த வரியைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் பிள்ளைகள் வாசிக்கும் நாளில் புதிய மொழிபெயர்ப்பைக் கொடுங்கள் என்றே உங்கள் போதகருக்குச் சொல்வேன்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளியின் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அகர முதல் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார். பிள்ளையிடமிருந்து கற்பதில் பெரியவருக்குக் குறை ஒன்றும் இல்லை. இரவில் பேரன் ஒரு சங்கீதத்தை நோர்வேஜிய மொழியில் வாசிக்கட்டும். நீங்கள் அதையே உங்கள் பேச்சுத் தமிழில், கதை சொல்வதுபோல, அவருக்குச் சொல்லுங்கள். அவர் திருத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். மொழி கற்பிப்பது சபையின் வேலையல்ல என்று ஒரு குடும்பம் எதிர்க்கிறது.
— தமிழ் வகுப்பு ஆசிரியை, நியூ ஜெர்சி, அமெரிக்கா

பதில்: உங்கள் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தின் ஜெர்மன் வெறுப்பில், எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிப்பதை நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் தடை செய்தது. லுத்தரன் சபைப் பள்ளி ஆசிரியர் ராபர்ட் மெயர், 1920 மே மாதத்தில் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் வேதக் கதை வாசிக்கக் கற்பித்தபோது பிடிபட்டார். 25 டாலர் அபராதம். பெற்றோரோடு சேர்ந்து பிள்ளைகளும் ஜெர்மன் ஆராதனையில் பங்குகொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தப் பாடம் நடந்தது. அவர் அபராதத்தைக் கட்ட மறுத்து வழக்காடினார். 1923இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான தீர்ப்பை நீக்கியது. ஆகவே உங்கள் வகுப்பு சபைக்கு அந்நியமான வேலையல்ல; தயங்காமல் நடத்துங்கள்.

மறுபக்கத்தையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். வழக்கில் வென்ற பிறகும், அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த லுத்தரன் சபைகளின் ஆராதனை பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறியது. பிள்ளை அம்மம்மாவோடு ஜெபிக்கவும், ஒரு கீர்த்தனையைப் பொருள் தெரிந்து பாடவும் தமிழ் கற்பியுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையைச் சபையில் அரைகுறையாக எண்ணும் பழக்கம் அந்த வகுப்பிலிருந்து பிறந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஞாயிறு திருப்பலிக்கு வராத எங்கள் இளைஞர்கள் ஆகஸ்ட் மாதக் கெவலார் யாத்திரைக்கு மட்டும் தவறாமல் வருகிறார்கள். இது பக்தியா, வெறும் திருவிழாக் கொண்டாட்டமா?
— பங்கு மக்களில் ஒருவர், ஜெர்மனி

பதில்: ஐயா, இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். மடுவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போன நம் முன்னோரும் ஜெபமாலையோடு சோற்றுப் பொதியையும் எடுத்துக்கொண்டே போனார்கள். 1642 முதல் மாதாவின் யாத்திரைத் தலமாக விளங்கும் ஜெர்மனியின் கெவலாரில் இன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் கூடுகிறார்கள். இந்துக் குடும்பங்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் அது. அங்கே யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் எதற்காக வருகிறார்கள் என்று ஆராய்வதைவிட, வந்தவர்களிடம் எதை ஒப்படைக்கிறீர்கள் என்று பாருங்கள். இதுவரை அவர்களைக் கொடி பிடிக்கவும் நாற்காலி அடுக்கவும் அழைத்திருப்பீர்கள். அடுத்த ஆகஸ்டில் பேருந்து ஏற்பாட்டையும், மன்றாட்டுகளை எழுதும் பொறுப்பையும், பயணக் கணக்குப் புத்தகத்தையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்து போய்வாருங்கள்.