இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்: பளபளப்பாக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: சான் டியேகோ பக்கம் ஒரு காரேஜ் சேலில் பழைய யு.எஸ். டைவர்ஸ் 'டிஏ அக்வா-மாஸ்டர்' ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) ஒன்று 80 டாலருக்குக் கிடைத்தது. வட்டமான உலோகப் பெட்டி, இரண்டு பக்கமும் கருப்பு நெளிகுழாய், அங்கங்கே பச்சைக் களிம்பு. ஸ்கூபா சான்றிதழ் வாங்கி மூன்று வருடமாக டைவ் செய்கிறேன். இதைச் சரிசெய்து கடலில் பயன்படுத்த முடியுமா, இல்லை அலமாரியில் வைக்கத்தான் லாயக்கா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முடியும். ஆனால் ஆசைப்பட்டு இன்றைக்கே சிலிண்டரில் மாட்டித் திறந்து பார்த்துவிடாதீர்கள். உள்ளே பல வருடமாகக் காய்ந்து கிடக்கும் உப்பையும் தூளையும் 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வரும் காற்று நேராக வால்வு சீட்டுக்குள் (வால்வு உட்கார்ந்து காற்றை அடைக்கும் இடம்) கொண்டுபோய் அடித்துவிடும். இதுவரை நன்றாக இருந்த சீட்டும் அதோடு போச்சு.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இதே உருவத்தில் அந்தக் காலத்தில் பல மாடல்கள் வந்தன. மிஸ்ட்ரல் என்று போட்டிருந்தால் அது ஒரே நிலையில் சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்கு அனுப்புவது. உங்களுடைய டிஏ இரண்டு நிலை கொண்டது, 1950களின் கடைசியில் வந்தது. முதல் நிலை சிலிண்டர் அழுத்தத்தை ஓர் இடைநிலை அழுத்தத்துக்குக் குறைக்கும், இரண்டாம் நிலை அதை மூச்சுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவரும். அதற்குப் பின்னால் 1960களின் நடுவில் வந்த ராயல் அக்வா-மாஸ்டரில் முதல் நிலை 'பேலன்ஸ்டு', அதாவது சிலிண்டர் காலியாகிக்கொண்டே வந்தாலும் முதல் நிலை தரும் அழுத்தம் அவ்வளவாக மாறாது. உங்களுடையதில் மாறும், அதுவும் நாம் நினைப்பதற்கு எதிராக. சிலிண்டர் காற்றுதான் அந்த வால்வை மூடும் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது குறையக் குறைய மூடும் விசையும் குறைந்து, இடைநிலை அழுத்தம் கொஞ்சம் ஏறும். அதனால் நிறைந்த சிலிண்டரில் ஒழுங்காக இருந்த ரெகுலேட்டர், 500 பி.எஸ்.ஐ.க்கு வரும்போது தானாகவே காற்றைக் கசியவிட ஆரம்பிக்கலாம். எனவே நிறைந்த சிலிண்டர், குறைந்த சிலிண்டர் இரண்டிலும் சோதித்தே ஆகவேண்டும். நிறைந்த சிலிண்டரில் மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்று சொல்பவரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

இப்போது சுத்தம் செய்வதற்கு வருவோம். குத்துவிளக்கு துலக்கிய பழக்கத்தில் நம்மவர்களுக்குப் புளி, பீதாம்பரி என்றுதான் கை போகும். வேண்டாம். வெளிப்பெட்டி பித்தளைதான், ஆனால் மேலே முலாம் பூசியது. அந்த முலாமும் அதன் மேல் உள்ள லேபிளும்தான் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது. லேபிளின் எழுத்துக்கு உள்ளே இருக்கும் நிறம் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் சில நிமிடத்தில் போய்விடும், திரும்ப வராது. ஆரம்பத்தில் நானும் ஒரு பெட்டியை வினிகரில் போட்டுவிட்டு மறந்து தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் வெயிலில் உரிந்த தோல் மாதிரி குரோம் செதில் செதிலாக வந்திருந்தது, அடியில் பித்தளை இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தச் செம்பு நிறம்தான். அழுத்தம் தாங்கும் பாகத்தில் அந்த நிறத்தைப் பார்த்தால் அதை நம்பி மூச்சுவிடக் கூடாது.

லேபிளில் படாமல் செய்வதாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, பாகங்களைத் தனித்தனியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் ஊறவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பல்துலக்கும் பிரஷ்ஷால் களிம்பைத் தள்ளுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடாதீர்கள். திருகு இறுகிப்போயிருந்தால் பிளையரால் பிடித்து முறுக்குவதைவிட ஒரு வாரம் காத்திருப்பது நல்லது. வண்டிக்குப் போடும் எண்ணெயையோ கிரீஸையோ காற்று போகும் பாதையில் தொடவே விடாதீர்கள். நீங்கள் மூச்சில் இழுக்கும் காற்று அது, அதோடு உயரழுத்தத்தில் எண்ணெய் தீப்பிடிக்கும் பொருள். ஓ-ரிங்குகளுக்கு (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) டைவிங் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் கிரீஸ் போதும், அதுவும் மெல்லிய பூச்சு. சிலிக்கோனால் செய்த பாகத்துக்கு மட்டும் அதைப் பூசாதீர்கள், ஊதிப்போய்விடும்.

உள்ளே காற்று நுழையும் இடத்தில் ஒரு சிறிய ஃபில்டர் இருக்கும். ரெகுலேட்டரின் ஜாதகம் அதுதான். பச்சையாக இருந்தால் கடல் நீர் உள்ளே போயிருக்கிறது. செந்தூள் என்றால் பழைய எஃகு சிலிண்டரின் துரு. கருப்பு என்றால் கம்ப்ரசரிலிருந்து வந்த கரியோ எண்ணெயோ. எந்த நிறமாக இருந்தாலும் ஃபில்டரைப் புதிதாக மாற்றிவிடுங்கள், ஆனால் தூக்கி எறியும் முன் பாருங்கள், எங்கே இன்னும் ஆழமாகச் சோதிக்க வேண்டும் என்று தெரியும். அதற்கு அடுத்தது வால்வு உட்காரும் உலோக விளிம்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் காற்று நிற்காது. பழைய ஓ-ரிங்கை எஃகு ஊசியால் நோண்டி எடுத்தால் அந்தக் கீறலைப் போடுவது பெரும்பாலும் நாமேதான். பித்தளை அல்லது பிளாஸ்டிக் குச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. டயஃப்ரம் (மூச்சை இழுக்கும்போது வளைந்து வால்வைத் திறக்கும் மெல்லிய தகடு), வெளியேற்றும் வால்வு, குழாய்கள், ஓ-ரிங் எல்லாமே புதிதாக மாற்ற வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்பீர்கள். நெளிகுழாயை மெதுவாக இழுத்து மடிப்புகளுக்கு நடுவே பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். இந்த மாடலுக்குப் புதிதாகச் சிலிக்கோனில் செய்த டயஃப்ரமும் வாத்து மூக்கு மாதிரியான வெளியேற்றும் வால்வும் அமெரிக்காவில் விற்கிறார்கள், தேடி அலையத் தேவையில்லை. பழைய ரப்பரை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் விற்றால் வாங்குபவர் கேட்பார்.

அந்த வாத்து மூக்கு ஏன் டயஃப்ரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது, வாய்க்குப் பக்கத்தில் ஏன் இல்லை என்று யோசித்தீர்களா? பெட்ரோல் இல்லாத போர்க்காலத்தில் கார்களுக்கு எரிவாயு அனுப்ப பிரெஞ்சுப் பொறியாளர் எமில் கான்யான் செய்த வால்விலிருந்துதான் இந்த ரெகுலேட்டர் பிறந்தது. 1943 தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அதை பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் மூச்சே வரவில்லை. காற்று வரும் இடமும் வெளியேறும் இடமும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததுதான் கோளாறு. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் சரியானது. உங்கள் பெட்டி வட்டமாக இருப்பதும் இடது குழாய் திரும்ப முதுகுக்கே போவதும் அதனால்தான்.

ஆனால் டயஃப்ரம் முதுகில் இருப்பதால் ஒரு சங்கடம் மிஞ்சியது. குப்புற நீந்தும்போது அது நுரையீரலைவிட மேலே இருக்கிறது, எனவே கொஞ்சம் இழுத்துத்தான் மூச்சுவிட வேண்டும். மல்லாந்தால் காற்று தானாக வரும். ரிப்பேர் சரியில்லை என்று நினைத்துப் பெட்டியைப் பிரிக்காதீர்கள், அது அதன் சுபாவம். உள்ளே இருக்கும் நெம்புகோலின் உயரம் தவறாக இருந்தால்தான் எப்படித் திரும்பி நீந்தினாலும் இழுப்பு கடினமாக இருக்கும் (தாழ்ந்துவிட்டது) அல்லது சும்மா ஒழுகும் (உயர்ந்துவிட்டது).

முதல் நிலையின் அழுத்தத்தை மட்டும் நீங்களாக யூகத்தில் திருப்பாதீர்கள். டிஏவில் கேஜ் மாட்டத் துளையே கிடையாது. டெஸ்ட் பிளாக் (அந்த அழுத்தத்தை அளக்க உதவும் கருவி) வைத்திருக்கும், இரட்டைக் குழாய் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். துளை இல்லாததால் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மானியும் மாட்ட முடியாது. அந்தக் காலத்தில் ரிசர்வ் நெம்புகோலை (கடைசி மிச்சக் காற்றைத் திறந்துவிடுவது) நம்பி இறங்கினார்கள், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். யோக்குக்கும் (ரெகுலேட்டரை சிலிண்டரில் பிடித்திருக்கும் கவ்வி) சிலிண்டர் வால்வுக்கும் நடுவே மாட்டும், மானிக்கு இடம் தரும் பான்ஜோ அடாப்டர் இருக்கிறது. இல்லையென்றால் 'பீனிக்ஸ்' என்ற பெயரில் வரும் மாற்று முதல் நிலை உடல். அதில் மானி, ஆக்டோபஸ் (அவசரத்துக்கான உபரி மூச்சுக்கருவி), பி.சி. (மிதப்புச் சட்டை) குழாய் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, பழைய பெட்டியைத் துளைக்கவும் தேவையில்லை. பழைய யோக் இன்றைய பருத்த வால்வு தலைகளில் நுழையாமலும் போகலாம், வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் நேராகக் கடலுக்குப் போகாமல் நீச்சல் குளத்தில், கால் எட்டும் பக்கத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மவுத்பீஸைக் கழற்றி டயஃப்ரத்தைவிட மேலே தூக்கினால் காற்று பீறிடும். பயப்படாதீர்கள், அப்படியே வாயில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் உள்ளே போய்விட்டால் இடது தோள் கீழே வரும்படி உருண்டு ஊதுங்கள், நீர் இடது குழாய் வழியாக வெளியேறிவிடும். இதை யோசிக்காமல் செய்ய வரும்வரை, பத்து தடவையோ இருபது தடவையோ, குளத்திலேயே இருங்கள்.