எல்லாரும் ஒரே பதில் சொன்னால்

தங்கச்சி, புறக்கோட்டைக் கம்பனி ஒன்றில் ஆய்வுக்காகப் பன்னிரண்டு பேரைப் பேட்டி கண்டும், எல்லாரும் ‘முடிவெல்லாம் மேலிடம்தான்’ என்று ஒப்புவித்ததாக எழுதியிருந்தீர்கள். பிழை அவர்களில் இல்லை, கேள்வியில். ‘யார் முடிவெடுப்பது?’ என்று கேட்டால் சுவரில் மாட்டிய பதவி வரைபடத்தைத்தான் சொல்வார்கள். ‘கடைசியாக வேலை தடைப்பட்டபோது யாரைத் தேடி ஓடினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான அதிகாரம் யாரிடம் என்று அப்போது தெரியும், அது வரைபடத்தில் இருக்காது.

1960களில் பாரிஸில் அமைப்புகளின் சமூகவியலுக்கென, அதாவது நிறுவனங்களுக்குள் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை ஆராயவென, ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கிய மிஷெல் குரோசியே, பிரெஞ்சு அரசின் புகையிலைத் தொழிற்சாலைகளில் கண்டது இதைத்தான். அங்கே எல்லாவற்றுக்கும் விதி இருந்தது, இயந்திரம் எப்போது பழுதாகும் என்பதற்கு மட்டும் இல்லை. அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் மட்டுமே. ஆகவே அவர்களுக்கு மேலே இருந்தவர்களும் அவர்களிடம் அடங்கித்தான் போனார்கள்.

நான் முன்பு இருந்த கந்தோரில் அப்படி எல்லாரும் தேடி ஓடிய ஆள் களஞ்சியச் சாவி வைத்திருந்த ஐயா. வரைபடத்தில் அவர் பெயரே இல்லை!

அப்புறம், முதலாளி தந்த பெயர்ப்பட்டியலோடு நிற்க வேண்டாம். லொறி சாரதியையும் கணக்கரையும் தேநீர் நேரத்தில் பிடியுங்கள். சம்மதம் கேட்டபிறகே குறிப்பெடுங்கள், சரியா?