கடிதம்: குழம்பில் உதிரும் மீன்

அன்புள்ள அண்ணா,

நான் நாகப்பட்டினத்துக்காரன். படிப்புக்காக நார்வேயின் ட்ரோம்சோ வந்து இது இரண்டாவது குளிர்காலம். வெளியே இருட்டும் பனியும் என்பதால் பொழுதெல்லாம் சமையலில்தான் போகிறது. மீனுக்குக் குறைவே இல்லை. ஆனால் இங்கே கிடைக்கும் காட் மீனை அம்மாவின் பக்குவத்தில் வஞ்சிரக் குழம்பு மாதிரி வைத்தால் இரண்டு கொதியில் உதிர்ந்துவிடுகிறது. முன்னாலேயே இறக்கினால் மசாலா தனி, மீன் தனி என்று சப்பென்று இருக்கிறது. இந்த மீனுக்கு ருசியே இல்லையா, அல்லது எனக்குத்தான் கைவரவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. குழம்பு அம்மாவின் குழம்புதான், மீன்தான் வேறு.

நீங்கள் வஞ்சிரம் என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் அறக்குளா என்போம். அதன் சதையிலேயே எண்ணெய் உண்டு, புளியையும் மிளகாயையும் நன்றாகத் தாங்கும். காட் மீனின் சதையில் 100 கிராமுக்கு ஒரு கிராம் கொழுப்புகூட இருக்காது. கொழுப்பையெல்லாம் அது ஈரலில் சேர்த்து வைத்திருக்கும். சதையோ அடுக்கடுக்கானது, அந்த அடுக்குகளைப் பிடித்திருக்கும் சவ்வு இந்தக் குளிர்கடல் மீன்களில் கொஞ்சச் சூட்டிலேயே இளகிவிடும். அதைக் கொதிக்கவிட்டால் உதிராமல் என்ன செய்யும்?

நான் 1989இல் நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊருக்கு வேலைக்கு வந்தேன். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பொடியன்கள் நிறையப் பேர் அப்படி வந்தோம். வார்டோ, பொட்ஸ்ஃபியூர் என்று அந்தக் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில் தமிழ்க் குரல் கேட்கும். நாள் முழுக்கக் காட் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து உறைந்த கோழி வாங்கிக் கறி வைத்தோம். அந்த மீனில் எங்களுக்கு நம்பிக்கையே இல்லை.

கீழ்வீட்டில் இருந்த வயதான அம்மா ஒரு பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு மெல்யே வைத்துத் தந்தார். குளிர்காலத்தில் பாரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிடக் கரைப்பக்கம் நீந்திவரும் காட் மீனை இவர்கள் ஸ்க்ரை என்பார்கள். அவ்வளவு தூரம் நீந்திய சதை இறுக்கமாக இருக்கும். அதன் சதை, ஈரல், சினை மூன்றையும் தனித்தனியே அவிப்பதுதான் மெல்யே. ஈரலின் மெல்லிய தோலை உரித்துத் துண்டாக்கி, ஒரு வெங்காயம் அரிந்து போட்டு, அடி நனையத் தண்ணீர் விட்டுச் சிறு சூட்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பொன் நிறத்தில் எண்ணெய் கசிந்து மேலே நின்றது. சினையைத் தாளில் சுற்றி உப்புத் தண்ணீரில் போட்டார், அது அரை மணி நேரம். மீனுக்கு ஒரு பெரிய சட்டியில் நாக்கில் நன்றாகக் கரிக்கும் அளவு உப்புப் போட்ட தண்ணீர். அது கொதித்ததும் இரண்டு விரல் தடிப்புத் துண்டுகளைப் போட்டு, சட்டியை இறக்கி மூடிவிட்டார். நான் வழக்கம்போலக் கிளறக் கரண்டியை எடுத்தேன், என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் அப்படியே நின்றோம். எடுத்தபோது சதை முள்ளைவிட்டு லேசாக விலகியிருந்தது, ஒரு துண்டும் உடையவில்லை. உருளைக்கிழங்கும் மீனும் சினையும் வைத்து, மேலே அந்த ஈரலெண்ணெயை ஊற்றினார். சதையில் இல்லாத கொழுப்பை அதே மீனின் ஈரலிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் காட் மீனின் ருசி எனக்குத் தெரிந்தது.

முதலில் இதை ஒரு தரம் வையுங்கள். மசாலா டப்பாவைத் தொடவேண்டாம். (ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது.)

அப்புறம் நம் சமையலுக்கு வரலாம். இந்த மீனுக்கு என் அனுபவத்தில் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிதான் பொருத்தம். துண்டுகளில் உப்பைத் தடவி ஒரு மணி நேரம் வைத்தால் சதை கொஞ்சம் இறுகும், பிறகு கழுவிவிடுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலையை இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பாலை விட்டு, ஒரு கொதி வரும்போது இறக்கி, அந்தச் சூட்டில் மீனைப் போட்டு மூடுங்கள். தேசிக்காய்ப் புளி (உங்கள் எலுமிச்சைச் சாறு) கடைசியில். உப்புப் பார்த்துப் போடுங்கள், மீனில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும். அவித்த சினை மிஞ்சினால் வட்டமாக வெட்டி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிப் பொரியுங்கள், சோற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

புளிக்குழம்புதான் வேண்டுமென்றால் ஸ்டைன்பிட் மீன் கேட்டு வாங்குங்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் சதை கெட்டி, கொதியில் நிற்கும்.

இன்னொன்று. கடையில் டொர்ஃபிஸ்க் தொங்குவதைப் பார்த்துக் கருவாடு என்று வாங்கிவிடாதீர்கள். அதில் உப்பே கிடையாது, பெப்ரவரியிலிருந்து மே வரை மரச்சட்டங்களில் தொங்கிக் குளிர்காற்றிலேயே காய்ந்தது. தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரமாவது ஊறவேண்டும். கருவாடு மாதிரி நேரே எண்ணெயில் போட்டால் கடிக்கவே முடியாது.

ஸ்க்ரை வரத் தொடங்கியிருக்கும். படகுத்துறைக்குப் போய் ஈரலும் சினையும் உள்ள முழு மீனாகக் கேளுங்கள். தலையை எறியவேண்டாம், அதை அவித்த தண்ணீரில் சொதிக்குப் பால் கரைக்கலாம்.