வாசகர் கேள்வி – பதில்: காவல் இல்லாத பக்கம்

கேள்வி: வேலையெல்லாம் முடிந்து இரவு பத்தரை மணிக்கு முழங்காலில் நின்றால், ஐந்தே நிமிஷத்தில் தூங்கிவிடுகிறேன். கைக்குழந்தை இருக்கிறது. "ஒரு மணி நேரமாவது என்னோடுகூட விழித்திருக்கக் கூடாதா?" என்று இயேசு கேட்ட வசனம் நெஞ்சைக் குத்துகிறது. என்ன செய்வது?

பதில்: இயேசு பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருமே தூங்கினார்கள். சீஷர்கள் ஏன் தூங்கினார்கள் என்பதற்கு லூக்கா ஒரு காரணமும் எழுதிவைத்திருக்கிறார்: "துக்கத்தினாலே" (22:45). சோம்பல் என்று எழுதவில்லை. மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகள் உவமையையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள், சகோதரி. மத்தேயு 25:5-ன்படி தூங்கியது "எல்லாரும்". புத்தியுள்ள ஐந்து பேரும் அதில் அடக்கம். மற்ற ஐந்து பேர் வெளியே நின்றது பாத்திரத்தில் எண்ணெய் எடுத்து வராததால். அதைத் தேட வேண்டிய நேரம் நடுராத்திரியா?

அதனால் ஜெபத்தை நாளின் கடைசி மூலையிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தை பகலில் முதல் தூக்கம் போடும்போது 15 நிமிஷம் போதும். முழங்காலில் நின்று கட்டில்மேல் தலையைக் கவிழ்ப்பது, தூக்கத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், இல்லையென்றால் நடந்துகொண்டே ஜெபியுங்கள். முணுமுணுப்பாகவாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள்ளேயே ஜெபித்தால் மூன்றாவது வாக்கியத்தில் நினைப்பு துவைக்க வேண்டிய துணிக்குப் போய்விடும். முதல் ஐந்து நிமிஷம் ஒரு சங்கீதம் வாசியுங்கள்; நீளமானது என்றால் பாதி போதும். அடுத்த ஐந்து நிமிஷம் அதில் மனதில் பட்ட ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு ஜெபம். மிச்சம் பிறருக்காக. பெயர்கள் அதிகமானால் ஒரு நோட்டில் ஏழு பக்கமாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது கர்த்தருடைய ஜெபம் ஒன்று போதும். அதிலும் பாதியில் கண் சொருகினால் பரவாயில்லை.

கேள்வி: 20 வருஷ விசுவாசி நான். ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். பெரிய பாவம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளே காய்ந்து கிடக்கிறது. எதைத்தான் நான் காவல்காக்க வேண்டும்?

பதில்: "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்று கடிந்துகொள்ளப்பட்ட சர்தை சபையை நினைத்துப் பாருங்கள் (வெளிப்படுத்தின விசேஷம் 3:1-3). அந்த ஊரின் கோட்டை செங்குத்தான பாறைமேல் இருந்தது. பெர்சிய ராஜா கோரேஸ் முற்றுகையிட்ட சமயத்தில் நடந்ததை ஏரோதோத்து என்ற கிரேக்கர் எழுதியிருக்கிறார். மேலே நின்ற வீரன் ஒருவனின் தலைக்கவசம் உருண்டு விழுந்தது. அவன் பாறை வழியாகவே இறங்கி, எடுத்துக்கொண்டு, திரும்ப ஏறிப்போனான். கீழே இருந்து ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் பெர்சியர்கள் அதே வழியாக ஏறினார்கள். அங்கே காவலே இல்லை. இந்தச் செங்குத்தில் எவன் ஏறப்போகிறான் என்று விட்டிருந்தார்கள். இது கி.மு. 6-ம் நூற்றாண்டில். சுமார் 300 வருஷம் கழித்து சீரிய ராஜா மூன்றாம் அந்தியோகுவின் ஆட்களும் இப்படிக் காவல் இல்லாத பக்கமாக ஏறித்தான் ஊரைப் பிடித்தார்கள். "நீ விழித்துக்கொண்டு" என்ற வார்த்தை அந்த ஊர்ச் சபையாரின் காதில் எப்படி விழுந்திருக்கும்!

பேதுருவும் இப்படித்தான் விழுந்தார். அவருடைய பலம் தைரியம். லூக்கா 22-ஐ வசனம் வசனமாகப் பாருங்கள். 33-ல் இயேசுவோடு சிறைக்காவலிலும் சாவிலும் கூட வருவேன் என்கிறார். 45-ல் சீஷர்கள் தூங்குகிறார்கள். 54-ல் "தூரத்திலே" பின்செல்கிறார். 55-ல் பிடித்துக்கொண்டு போனவர்களின் நெருப்பண்டையில் உட்கார்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் இயேசுவை அறியேன் என்ற மறுதலிப்பு, அதுவும் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு முன்னால். மறுதலிப்பு மட்டுமே பாவம் என்று எண்ணுகிறவர் 33-ம் வசனத்தை விட்டுவிடுவார்.

நீங்கள் நம்பியிருக்கிற செங்குத்து, என் கணிப்பில், ஊழியம்தான். பாடம் எடுக்க வேதத்தைத் திறக்கிறீர்கள், குழுவோடு ஜெபிக்கிறீர்கள். யாரும் பார்க்காத இடத்தில் கடைசியாக எப்போது ஜெபித்தீர்கள்? அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லையென்றால் இரண்டு பொறுப்பில் ஒன்றை மூன்று மாதம் வேறொருவரிடம் கொடுங்கள். அந்த நேரத்தை வேறு கூட்டத்தால் நிரப்பிவிடாதீர்கள்.

இரவு ஐந்து நிமிஷம், காலையிலிருந்து நாளை மணி மணியாகத் திரும்பிப் பாருங்கள். கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்று வழக்கமாகச் செய்வதுதான் இது. முதலில் நன்றி. பிறகு, எங்கே கடுகடுத்தேன், எங்கே பூசி மெழுகினேன், எங்கே பாராட்டுக்காகப் பேசினேன் என்று பார்த்து, ஒரே ஒரு வரி எழுதுங்கள். பத்து வரி எழுதத் தொடங்குகிறவர்கள் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து 14 வரிகளையும் சேர்த்து வாசித்தால், ஒரே வேளையோ ஒரே ஆளோ திரும்பத் திரும்ப வருவது தெரியும். காவல் அங்கே போட வேண்டும். அது இரவு செல்போன் என்றால் சார்ஜர் வேறு அறைக்குப் போகட்டும். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எரிந்து விழுவது என்றால், வாசலில் செருப்பைக் கழற்றுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எருசலேம் மதிலைக் கட்டிய நெகேமியா ஜெபமும் பண்ணினார், ஜாமக்காரரையும் வைத்தார் (4:9). ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடவில்லை.

சர்தைக்குச் சொன்னது புதிதாக ஒன்றைத் தொடங்கு என்பதல்ல. "சாகிறதற்கேதுவாயிருக்கிறவைகளை ஸ்திரப்படுத்து" என்பதே. இன்னும் மூச்சு இருப்பது எது? பிள்ளைகள்மேல் உள்ள அன்பா, பாட்டா? தனி ஜெபத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: விழிப்பாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நினைவையும் சோதித்துச் சோதித்து, இரவெல்லாம் தூக்கமே இல்லை. அறிக்கையிட்ட பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கையிடுகிறேன்.

பதில்: மேலே சொன்ன இரவுச் சோதனை உங்களுக்கு வேண்டாம். கெர்ச்சிக்கிற சிங்கத்தைப் பற்றிய 1 பேதுரு 5:8 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதற்கு முந்தின வசனம், கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடச் சொல்கிறது. முதலில் அது, பிறகுதான் சிங்கம். "தெளிந்த புத்தி" என்று பேதுரு சொல்வதும் பதற்றத்துக்கு நேர் எதிரானது. ஒரு பாவத்தை ஒருமுறை அறிக்கையிட்டால், அறிக்கையிட்டதை அவர் மன்னிக்கிறார் என்கிற 1 யோவான் 1:9-ஐ வாசித்து அதோடு நிறுத்துங்கள். மறுபடி மனம் அரித்தால் புதிதாக ஜெபம் ஆரம்பிக்காமல் எழுந்து கைவேலை ஒன்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அறிக்கையிட்டால் அரிப்புக்குத் தீனி போடுவதாகிவிடும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தால் போதகரோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். இப்படித் திரும்பத் திரும்பச் சோதிக்க வைக்கும் நோய் ஒன்று உண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இந்த வருஷமே இயேசுவின் இரண்டாம் வருகை என்று தேதி சொல்லி ஒரு வீடியோ வந்தது. மூன்று நண்பர்களுக்கு அனுப்பினேன். இறுதியாண்டுப் பரீட்சை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: மாற்கு 13:32 அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்கிறது. வீடியோக்காரருக்கு மட்டும் தெரிந்துவிட்டதாம்! அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 23-ம் தேதி வழக்கம்போல விடிந்தது. தேதி தெரிந்தவனுக்கு விழிப்பே தேவையில்லை, அன்றைக்கு அலாரம் வைத்தால் போதும். லூக்கா 12:42, 43-ல் எஜமான் திரும்பி வரும்போது பாராட்டப்படுகிறவன், வேலைக்காரருக்கு உரிய நேரத்தில் படி (உணவுப் பங்கு) அளந்துகொண்டிருந்த உக்கிராணக்காரன், அதாவது வீட்டு நிர்வாகி. உங்களுடைய படி இப்போது பாடப்புத்தகம். பரீட்சைக் கட்டணத்தைக் கட்டுங்கள், தம்பி. அந்த மூன்று பேருக்கும், தவறாக அனுப்பிவிட்டேன் என்று இன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.