துவாரபாலகர் விரல் சொல்வது என்ன?

கேள்வி: சிவன் கோயில் வாயிற்காவலரான துவாரபாலகர் ஒரு விரலை நீட்டி நிற்பது "இறைவன் ஒருவனே" என்று சொல்லத்தானா?

பதில்: அப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் சிற்ப மரபில் அந்தக் கைக்குத் தர்ஜனி என்று பெயர். சுட்டுவிரலை நீட்டி எச்சரிப்பது. புறங்கை நம் பக்கம் தெரிய உயர்த்திய இன்னொரு கை விஸ்மயம், அதாவது வியப்பு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: அடக்கமாக வா, உள்ளே இருப்பவர் பெரியவர். தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகரின் கதாயுதத்தருகே, யானையை விழுங்கும் பாம்பைத் தேடிப் பாருங்கள். யானையை விழுங்கும் பாம்பே அவருக்குமுன் சிறிதாகிவிடுகிறது. அத்தகைய காவலரே வியக்கிறார் என்றால் கருவறையில் இருப்பவரை நாம் எப்படி அளப்பது! அளவை வைத்தே பக்தியைச் சொன்ன அந்தச் சிற்பியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கைகளையும் எண்ணுங்கள். மண்டகப்பட்டு முதலிய பல்லவர் குடைவரைகளில் இரண்டு. சோழர் காலத்தில் நான்கு. பெருமாள் கோயிலில் மேற்கைகளில் சங்கு, சக்கரம்.

கேள்வி: கல்வெட்டே இல்லாத கோயிலின் காலத்தை அலங்காரத்தை வைத்துச் சொல்லலாமா?

பதில்: ஓரளவு சொல்லலாம். தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையிலிருந்து தொடங்குங்கள். வளைந்த முகத்தில் அலை அலையாக வரி இருந்தால் பல்லவர் பாணி. சாய்வாக வெட்டிய முகம் சோழர். பூமொட்டு கீழ்நோக்கித் தொங்கினால் விஜயநகர, நாயக்கர் காலம். அடுத்து, கூரை விளிம்பில் குதிரை லாட வடிவில் உள்ள கூடு. அதன் உச்சி மண்வெட்டித் தலைபோல் தட்டையாக இருந்தால் பல்லவர். சிங்கமுகம் இருந்தால் சோழர் அல்லது பிற்காலம். ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். கருவறை சோழர் காலத்தது, முன்மண்டபம் நாயக்கர் காலத்தது என்றிருப்பது சாதாரணம். திருப்பணியில் பிரித்துக் கட்டும்போது பழைய தூண்கள் இடம் மாறியும் இருக்கும்.

கேள்வி: கருங்கல் துவாரபாலகருக்கு எனாமல் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பெயின்ட் படலம் கல்லின் ஈரத்தை வெளியேற விடாது. உள்ளே உப்புப் பூத்து, பெயின்ட் உரியும்போது கல்லின் மேல்தோலும் பொரிந்து வரும். நகை, விரல் போன்ற நுண்வேலை முதலில் மழுங்கும். ஏற்கெனவே அடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷோ மணல் வீச்சோ கூடாது. கல்வெட்டு எழுத்தும் சேர்ந்தே போய்விடும். அறநிலையத் துறை அனுமதி பெற்று, கல் பாதுகாப்பு தெரிந்தவரைக் கொண்டு, கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அளவு சோதித்துப் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.