கூலிங் கிளாஸ் போதாதா?

கேள்வி: கேட்டுக்கு வெல்டிங் வைத்தபோது கம்பியைப் பிடித்துக் கொடுத்தேன். நடுராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல். கூலிங் கிளாஸ் போட்டிருந்தேனே?

பதில்: அது வெயிலுக்குச் சரி, ஆர்க்குக்கு, அதாவது வெல்டிங் ராடின் நுனியில் எரியும் மின்சுடருக்கு, ஈடுகொடுக்காது. 100 ஆம்பியரில் ராடு ஓட்ட நான் போடுவது 10ஆம் எண் கருப்புக் கண்ணாடி வைத்த முகமூடி. பிடித்துக் கொடுப்பவருக்கும் அதே முகமூடிதான். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். வலி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். இருந்தாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கசக்காதீர்கள்.

கண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வேலை பழகிய புதிதில் வேர்வையில் ஊறிய கையுறையோடு ராடு மாற்றினேன். தோள்வரை சுண்டி இழுத்தது! ஆர்க் எரியாதபோதும் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் நிற்கும். ஈரம் பட்டால் அதுவே ஆளை அடித்துவிடும். அன்றிலிருந்து இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஒன்று கையில், ஒன்று காயும். நிற்பதற்கு உலர்ந்த பலகை.

அப்புறம், ஜிஐ பைப், அதாவது பூச்சுள்ள இரும்புக் குழாய். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும். நான் பட்டிருக்கிறேன். பற்ற வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

நைலான் சட்டையா போட்டிருந்தீர்கள்? பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை தடித்த பருத்திச் சட்டை, முழுக்கை.