இதயம் கேள்வி-பதில்: இடது மேலறையின் அளவும் அழுத்தமும்

வாசகி, உசிலம்பட்டி: அப்பாவுக்கு வயது 58, உயரம் 165 செ.மீ., எடை 60 கிலோ. மாரடைப்புக்கு மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். நாலாம் நாள் எக்கோவில் (இதய ஸ்கேன்) 'எல்.ஏ. (இடது மேலறை) 3.8 செ.மீ., கொள்ளளவு 64 மி.லி., இ பை இ-பிரைம் 16' என்று இருக்கிறது. 3.8 நார்மல்தானே? ஆனால் படுத்தால் மூச்சு வாங்குகிறது.

பதில்: 3.8-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். அது முன்னும் பின்னுமாக ஒரே ஒரு கோடு. இடது மேலறைக்கு முன்னால் மகாதமனி, பின்னால் முதுகெலும்பு. அந்தப் பக்கம் இடமில்லாததால் அறை மேல்நோக்கியும் பக்கவாட்டிலும்தான் விரியும். கொள்ளளவைப் பாருங்கள். 165-ஐ 60-ஆல் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு சுமார் 1.66 சதுர மீட்டர். 64-ஐ அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 38.6 மி.லி. 34 வரை இயல்பு, 35 முதல் 41 வரை லேசான வீக்கம், 48-க்கு மேல் கடுமை.

நாலே நாளில் இந்த வீக்கம் வந்திருக்காது. பல வருட ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ளது) கசிவு என்று பழைய காரணம் ஏதோ இருக்க வேண்டும். கண்மாயில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது அழுத்தம். கரை எவ்வளவு அகன்றுவிட்டது என்பது அளவு. கரை அகல வருடங்கள் ஆகும், தண்ணீர் ஒரே மழையில் ஏறிவிடும். அதனால்தான் புது மாரடைப்பில் அறை இயல்பான அளவில் இருந்தாலும் அழுத்தம் எகிறியிருக்கலாம்.

'இ பை இ-பிரைம்' என்ற அந்த 16 அழுத்தத்தைப் பற்றியது. மைட்ரல் வால்வு வழியே ரத்தம் இறங்கும் வேகத்தை, வால்வு வளையம் அசையும் வேகத்தால் வகுத்த எண். இருபக்கச் சராசரி 14-ஐத் தாண்டினால் அழுத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். செத்த தசைக்குப் பக்கத்து வளையம் மந்தமாக அசையும் என்பதால், ஒரு பக்கம் மட்டும் அளந்தால் கணக்கு தப்பும். ஏட்ரியல் பிப்ரிலேஷன் (மேலறைகளின் தாறுமாறான துடிப்பு), பேஸ்மேக்கர், வளையத்தில் சுண்ணாம்புப் படிவு இருந்தாலும் இந்த எண் காலை வாரிவிடும். எனவே இதயத்தின் வலப்பக்க வால்வான டிரைகஸ்பிட்டின் கசிவு வேகம் விநாடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டுகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

படுத்தால் மூச்சு வாங்குவது நுரையீரலில் நீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இன்றே காட்டுங்கள். உட்கார்ந்தும் திணறினால் 108-ஐ அழையுங்கள். அதன்பின் தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள்; மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் வேண்டாம்.

எக்கோ பயிற்சி மாணவர், மதுரை: ஒரே நோயாளிக்கு இடது மேலறைக் கொள்ளளவு நான் 52 மி.லி. என்கிறேன், சீனியர் 66 என்கிறார். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் வெட்டுத்தளத்தில், அதாவது ஸ்கேன் இதயத்தை எந்தக் கோணத்தில் வெட்டிக் காட்டுகிறது என்பதில். கீழறைக்காகப் பிடித்த படத்திலேயே மேலறையையும் அளந்தால் அது குறுகித் தெரியும். புரோபை (மார்பில் வைக்கும் ஸ்கேன் முனை) சற்றுச் சாய்த்து, மேலறை மிக நீளமாகத் தெரியும் இடத்தைப் பிடியுங்கள். நான்கறை, இரண்டறைக் காட்சிகள் இரண்டிலும் நீள வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. மைட்ரல் வால்வு திறப்பதற்குச் சற்று முந்தைய பிரேமில் நிறுத்துங்கள். கோட்டை வால்வு இதழ் மேல் அல்ல, வளையத்துக்குக் குறுக்கே மூடுங்கள். நுரையீரல் சிரைகளையும் மேலறையோடு ஒட்டிய ஆரிக்கிள் பையையும் சேர்த்தால் எண் வீணாக ஊதிப்போகும். ஒருவேளை சீனியர் செய்தது இதுவாகவும் இருக்கலாம்!

வாசகர், மேலூர்: அழுத்தத்தை நேரடியாக அளக்க வழியில்லையா?

பதில்: மேலறைக்குள்ளேயே போகாமல், கிட்டத்தட்ட நேராக அளக்கலாம். நுனியில் பலூன் உள்ள ஸ்வான்-கான்ஸ் குழாய் 1970 முதல் இருக்கிறது. சிரை வழியே நுரையீரல் தமனிக் கிளைக்குள் போய் பலூன் அடைத்ததும், மறுபுறத்து இடது மேலறை அழுத்தம் பதிவாகும். இயல்பு 6 முதல் 12 மி.மீ. பாதரசம்; 18-ஐத் தாண்டினால் நுரையீரல் நனையத் தொடங்கும். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆபத்து உண்டு என்பதால், ரத்த அழுத்தம் அபாயமாக விழுந்த அதிர்ச்சி (ஷாக்) நிலையில் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் போடுவார்கள்.